குதிரைக்கு நார்த்தீவனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்தவுடன் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். சந்தையில் கத்தியவாரியோ மார்வாரியோ மட்டக்குதிரையோ வாங்கிச் சென்றவர்கள், விற்றவர் சொன்ன தீவனப் பட்டியலை ஒப்பித்துவிட்டு, "இதையே கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். பட்டியலில் பெரும்பாலும் கொள்ளு, கோதுமைத் தவிடு, வெல்லம் ஆகிய மூன்றும் இருக்கும். புல்லைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. நான் கால்நடை மருத்துவர் அல்லன். ஒரு கத்தியவாரிப் பெண் குதிரையையும் ஒரு மட்டக்குதிரையையும் வைத்திருப்பவன். இரண்டையும் தானியத்திலிருந்து புல், உலர்புல் போன்ற நார்த்தீவனத்துக்கு மாற்றியதில் கற்றதையும், மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும், திரும்பத் திரும்ப வரும் ஐயங்களின் வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

நார்த்தீவன முறை என்றால் தானியத்தை அடியோடு நிறுத்துவதா?

இல்லை. வரிசையை மாற்றுவதுதான் இந்த முறை. முதலில் குதிரையின் எடைக்குத் தேவையான புல்லையும் உலர்புல்லையும் கணக்கிட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகும் எடையோ ஓட்டமோ குறைந்தால் மட்டுமே தானியம், தவிடு போன்ற அடர்தீவனத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நம் லாயங்களில் இது தலைகீழாக நடக்கிறது. கொள்ளும் தவிடும் "சாப்பாடு" என்றும், புல் இடையில் கொறிப்பதற்குப் போடுவது என்றும் ஆகிவிட்டது.

நாள் முழுவதும் வண்டி இழுக்காத, வாரத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் சவாரி போகும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல புல், உப்பு, தாது உப்புக் கலவை, தண்ணீர் ஆகியவையே போதும்.

மாடு அசைபோடுகிறது. அசைபோடும் வயிறு இல்லாத குதிரை வெறும் புல்லில் எப்படி வாழும்?

மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் நொதித்தல், குதிரைக்குக் குருட்டுக்குடலிலும் பெருங்குடலிலும் நடக்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் நாரைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குதிரை அவற்றை ஆற்றலாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பின்குடல் ஒரு பெரிய தொட்டி. இரைப்பையோ சிறியது, பெரிய குதிரைக்கே 15 லிட்டருக்கு மேல் கொள்ளாது. ஆகவே குதிரை சிறிது சிறிதாக, நாள் முழுவதும் மேய்வதற்கென்று அமைந்த உடல்.

இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பதில்கள் எளிதில் புரியும். முதலாவது, குதிரையின் இரைப்பை, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறுகிறது. ஒரு கிலோ உலர்புல்லைத் தின்ன ஏறத்தாழ 3,000 முறை மெல்ல வேண்டும். ஒரு கிலோ ஓட்ஸுக்கு 1,000 முறைகூடத் தேவைப்படாது. இரண்டாவது, ஒரே வேளையில் மாவுச்சத்து அளவுக்கு மீறினால் சிறுகுடலில் செரிக்காத பங்கு பின்குடலுக்குள் வழிகிறது. அங்கே லாக்டிக் அமிலம் பெருகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடிகின்றன. வயிற்றுவலிக்கும் லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பழற்சிக்கும் இது ஒரு பொதுவான வாசல்.

என் குதிரைக்கு எத்தனை கிலோ புல் வேண்டும்? எடை பார்க்கும் வசதி இல்லை.

தையற்கார நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால், திமில் மேடு வழியாக நெஞ்சுச் சுற்றளவை எடுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளத்தை எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில் இருக்கட்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் ஏறத்தாழ 312 கிலோ.

நாளொன்றுக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர்பொருளாக, அதாவது தண்ணீர் நீங்கலான தீவனமாகக் கிடைக்க வேண்டும்; மெலியவைக்க வேண்டிய குதிரைக்கும் 1.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. 350 கிலோ குதிரைக்கு 7 கிலோ உலர்பொருள் என்பது, கிட்டத்தட்ட 8 கிலோ உலர்புல். பசுந்தீவனத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அதன் கணக்கு வேறு: நேப்பியர் போன்ற புல்லில் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோதான் உலர்பொருள், ஆக அதை மட்டும் கொடுத்தால் 35 கிலோ வேண்டும். "காலையில் ஒரு கட்டு, மாலையில் ஒரு கட்டு போடுகிறேன்" என்பவர்கள் அந்தக் கட்டை ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் முதன்முதலில் நிறுத்தபோது என் கட்டு ஆறு கிலோதான் இருந்தது. நாளுக்குப் பன்னிரண்டு கிலோ பச்சைப் புல், அதாவது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவான உலர்பொருள். மீதிப் பசியைக் குதிரை லாயத்துக் கதவின் மரச்சட்டத்தைக் கடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தது.

கொள்ளு கொடுக்காவிட்டால் குதிரைக்குப் பலம் எங்கிருந்து வரும்?

கொள்ளை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றமாட்டேன். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருக்கிறது. வேகவைப்பதால் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் குறைகின்றன. நம் முன்னோர் வேகவைத்துக் கொடுத்ததில் பொருள் இருக்கிறது. ஆனால் அந்தக் குதிரைகள் நாள் முழுவதும் சுமை இழுத்தன, இரவில் மேய்ந்தன. நம் குதிரையோ இருபத்திரண்டு மணி நேரம் லாயத்தில் நிற்கிறது.

அளவுதான் சிக்கல். இரைப்பைப் புண்ணைத் தவிர்க்க, ஒரு வேளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இன்று பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 350 கிலோ குதிரைக்கு அது 350 கிராம். வேகவைக்கும் முன் எடைபோட்ட கொள்ளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாவுச்சத்து. ஒரு கிலோ கொள்ளும் ஒரு கிலோ கோதுமைத் தவிடும் ஒரே வேளையில் போனால் வரம்பு எளிதில் தாண்டிவிடும். மக்காச்சோளம் இன்னும் மோசம். அதில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. வேலை செய்யும், குளம்புக் கோளாறு இல்லாத குதிரைக்கு வேளைக்கு அரைக் கிலோ கொள்ளு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. பலத்துக்கு வேண்டிய புரதம் குதிரை மசால் (லூசர்ன்) என்ற தீவனச் செடியிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தச் செடிக்கு நம் மொழி குதிரையின் பெயரையே வைத்திருக்கிறது.

வெல்லம் இயற்கையானதுதானே? வெள்ளைச் சர்க்கரையைத்தானே தவிர்க்க வேண்டும்?

குதிரையின் இரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கருப்பட்டி, பேரீச்சம்பழம் எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். "இயற்கை" என்ற சொல்லைக் குதிரைத் தீவனத்தில் பயன்படுத்தும்போது, குதிரைக்கு இயற்கையானது எது என்று கேட்க வேண்டும். மனிதர் கடையில் இயற்கை என்று வாங்குவது எது என்று கேட்கக் கூடாது.

கொழுத்த கழுத்தும் பருத்த உடலும் கொண்ட குதிரைகளுக்கு இது வெறும் கொழுப்புப் பிரச்சினை அன்று. அவற்றின் இரத்தத்தில் இன்சுலின் உயர்ந்தே நிற்கும். ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினை மட்டும் நீண்ட நேரம் உயர்த்தி வைத்தபோதே குளம்பழற்சி வந்தது. அதனால்தான் இத்தகைய குதிரைகளுக்குச் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து உணவின் உலர்பொருளில் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். பொங்கலன்று வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் ஊட்டுவதை நிறுத்துவது, என் அனுபவத்தில், கொள்ளை நிறுத்துவதைவிடக் கடினம். சீமைக்கருவேல நெற்றும் இந்தக் கணக்கில்தான் வரும்: இனிப்பு என்பதால் குதிரை விழுந்து விழுந்து தின்னும், மிகுதியானால் குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும்.

தவிடு நார்தானே? அதைக் கூட்டினால் ஆகாதா?

கோதுமைத் தவிட்டில் நாருடன் மாவுச்சத்தும் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை பாஸ்பரஸ்: சுண்ணாம்புச் சத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. குதிரைக்கு இது நேர்மாறாக, சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸை விஞ்சி இருக்க வேண்டும். தவிட்டை மாதக்கணக்கில் அள்ளிப் போட்டால் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் சமன் செய்யும். தாடை எலும்பும் முக எலும்பும் மென்மையாகி வீங்கும். இதைப் பெருந்தலை நோய் என்பார்கள். அரிசித் தவிட்டுக்கும் இதே குறை உண்டு. போதாததற்கு அதன் எண்ணெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும்.

எங்கள் தோட்டத்தில் கோ-4 என்ற கம்பு நேப்பியர் புல் நிறைய இருக்கிறது. அதை மட்டும் கொடுத்தால் முடிந்ததல்லவா?

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்தக் கேள்விதான். நார்த்தீவனத்துக்கு மாறும் நம் ஊர்க்காரர்கள் சறுக்கும் இடமும் இதுதான். ஐரோப்பியக் குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்ட அறிவுரைகளில் புல்லின் சர்க்கரையைப் பற்றியே எச்சரிக்கை இருக்கும். நம் சமவெளிப் புற்களில் அந்த ஆபத்து குறைவு; ஆனால் அங்கே அதிகம் பேசப்படாத ஆக்சலேட் என்ற பொருள் இங்கே இருக்கிறது. கம்பு நேப்பியர், கினியாப் புல், கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றில் உள்ள ஆக்சலேட், புல்லில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. ஆய்வகச் சீட்டில் சுண்ணாம்புச் சத்து போதிய அளவு இருப்பதாகக் காட்டும். குதிரைக்கு அது கிடைக்காது. முடிவு, தவிட்டைப் பற்றிச் சொன்ன அதே பெருந்தலை நோய்.

"மாடு இதையேதானே தின்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். மாட்டின் முன்வயிற்று நுண்ணுயிரிகள் ஆக்சலேட்டை முதலிலேயே சிதைத்துவிடுகின்றன. குதிரைக்கு நுண்ணுயிரிகள் இருப்பது பின்குடலில். சுண்ணாம்பு உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் உள்ள சிறுகுடலில். ஆக்சலேட் சிதையும் நேரத்தில் சுண்ணாம்பு தன் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டிருக்கும். இன்றொரு கால், நாளை வேறொரு கால் என்று மாறி மாறி நொண்டுவதும், மெல்லத் தயங்குவதும் தொடக்க அறிகுறிகள். இரத்தத்தில் சுண்ணாம்பு அளவைப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் எலும்பு ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே கோ-4ஐ விலக்க வேண்டாம். தனியாகக் கொடுக்க வேண்டாம். என் குதிரைகளுக்கு நார்த்தீவனத்தில் பாதிக்குக் கீழே அதை வைத்து, மீதியை உலர்த்திய அருகம்புல்லாலும் நாளுக்கு ஒன்றரைக் கிலோ உலர்ந்த குதிரை மசாலாலும் நிரப்புகிறேன். அருகம்புல்லில் ஆக்சலேட் குறைவு. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. இளந்தளிராக அறுத்த புல்லில் ஆக்சலேட் கூடுதல் என்பதால், 45 நாள் விளைந்த பிறகே அறுக்கிறேன். சாஃப் கட்டரில் பொடியாக நறுக்கினால் குதிரை மெல்லாமல் விழுங்கும். இரண்டு மூன்று அங்குல நீளம் இருக்கட்டும். தாது உப்பில் எந்த அளவு சுண்ணாம்பு தேவை என்பதை உங்கள் மருத்துவரிடம் இந்தப் புல் பட்டியலைக் காட்டிக் கேளுங்கள்.

வைக்கோல், சோளத்தட்டு, கடலைக்கொடி, சவுண்டல்: இவற்றில் எது ஆகும்?

வைக்கோலில் சர்க்கரை குறைவுதான். சத்தும் குறைவு, செரிப்பதும் கடினம். குண்டுக் குதிரைக்கு மொத்த நாரில் கால் பங்கு வரை கலக்கலாம். அதையே முழு உணவாக்கினால், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நாளில் குடலில் கட்டிக்கொள்ளும். நன்கு விளைந்து காய்ந்த சோளத்தட்டு அளவோடு ஆகும். பூவெடுக்காத பச்சைச் சோளத்தை ஒருபோதும் போடாதீர்கள். சயனைடு நஞ்சு ஒரு பக்கம் இருக்க, பசுஞ்சோளத்தில் நெடுநாள் மேயும் குதிரைகளுக்குச் சிறுநீர்ப்பை செயலிழந்து பின்னங்கால்கள் தள்ளாடும் நோய் வருவது அறியப்பட்டது. கடலைக்கொடி நல்ல தீவனம். பூஞ்சையும் மண்ணும் இல்லாமல் உதறிக் கொடுக்க வேண்டும்.

சவுண்டல் எனப்படும் சூபாபுல் வேண்டாம். அதிலுள்ள மிமோசின், குதிரையின் பிடரிமயிரையும் வாலையும் உதிரவைக்கும். வாலில் ஒரு பிடி மயிர்கூட மிஞ்சாத குதிரை ஒன்றைக் காட்டி "பூச்சி அரிப்பா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார், வேலி முழுவதும் சவுண்டல்தான் இருந்தது.

பால்மாட்டுக்கு வாங்கும் கலப்புத் தீவனத்திலும் நார் இருக்கிறதே?

கொடுக்கவே கூடாது. சில மாட்டுத் தீவனங்களிலும் கோழித் தீவனங்களிலும் மோனென்சின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும். மாட்டுக்கு நன்மை தரும் அளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொல்லக்கூடும். மூட்டையில் அச்சிடாதிருந்தாலும் அதே ஆலையில் அதே இயந்திரத்தில் அரைத்த கலப்பு ஒட்டியிருக்கலாம்.

எத்தனை நாளில் மாற்ற வேண்டும்?

மூன்று முதல் நான்கு வாரம். முதல் வாரம் தானியத்தின் அளவை மாற்றாதீர்கள். மேலே சொன்ன கணக்குப்படி புல்லை மட்டும் படிப்படியாக உயர்த்துங்கள். வெல்லத்தையும் பழங்களையும் அந்த வாரத்திலேயே நிறுத்திவிடலாம். இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தானியத்தில் கால் பங்கைக் குறையுங்கள். குதிரை மசாலைப் புதிதாகத் தொடங்குவதென்றால் முதல் நாள் கால் கிலோ போதும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். உலர்புல் தின்னும் குதிரை நம் வெயிலில் நாளுக்கு 40 லிட்டர் கேட்பது வியப்பில்லை. நூறு கிலோ எடைக்குப் பத்து கிராம் என்ற கணக்கில் உப்பும் வேண்டும்.

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பச்சைப் புல்லிலிருந்து புதிதாக வாங்கிய உலர்புல்லுக்கு நான்கே நாளில் மாற்றினேன். புல்தானே, புல்லுக்குப் புல் என்ன வேறுபாடு என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் இரவு பெண் குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, முன்னங்காலால் தரையைப் பறித்தது, படுத்தது, எழுந்தது. வழக்கமாக நாளுக்குப் பத்து முறை சாணமிடும் விலங்கு அன்று மூன்று முறைதான் இட்டிருந்தது. உருண்டைகள் சிறுத்து, இறுகி, மேலே சளி படர்ந்து பளபளத்தன. மருத்துவர் வந்து மூக்குக் குழாய் வழியே திரவம் செலுத்தி, விடியும்போது அது மீண்டது. ஒரு புல்லிலிருந்து இன்னொரு புல்லுக்கு மாறவும் இரண்டு வாரம் வேண்டும் என்று அன்று கற்றேன். இன்று காலையில் லாயத்துக்குள் நுழைந்தவுடன் நான் முதலில் பார்ப்பது சாண உருண்டையைத்தான்: விழுந்த இடத்தில் இலேசாகப் பிளந்து, உள்ளே ஈரமாக, நீளமான நார்கள் இல்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் வயிறு பெருத்துவிட்டது. கொழுத்துவிட்டதா?

பெருங்குடலில் நாரும் நீரும் நிறைந்திருப்பதால் வயிறு கீழே சற்று உருண்டு தெரியும். கொழுப்பை வயிற்றில் தேடாதீர்கள். விலா எலும்பின் மேலும் கழுத்து மேட்டிலும் வால் அடியிலும் விரல்களால் தேடுங்கள். விலா கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் எளிதில் தட்டுப்பட்டால் சரி. வயிறு பெருத்து முதுகுத் தசை வற்றினால் அது வேறு கதை: புல் முற்றிப்போய்ப் புரதம் போதவில்லை, அல்லது வயிற்றில் புழு. குதிரை மசாலைக் கூட்டுங்கள். சாணப் பரிசோதனை செய்யுங்கள்.

குளம்பு சுடுகிறது, குதிரை பின்னால் சாய்ந்து நிற்கிறது. நீங்கள் சொன்னபடி நான்கு வாரம் மெதுவாக மாற்றட்டுமா?

வேண்டாம். தானியத்தையும் இனிப்பையும் பசும்புல் மேய்ச்சலையும் இன்றே நிறுத்துங்கள். உடனே மருத்துவரை அழையுங்கள். மெதுவாகச் செய்ய வேண்டியது புதிய தீவனத்தைச் சேர்ப்பதை. கெடுதல் செய்யும் தானியத்தை எடுப்பதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. வழக்கமாகத் தின்னும் உலர்புல் தொடரட்டும்.

ஆனால் பட்டினி போடாதீர்கள். கொழுத்த மட்டக்குதிரையைப் பட்டினி போட்டால் உடல் கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமெனக் கலந்து கல்லீரலைக் கெடுக்கும். அதனால் இறந்துபோவதும் உண்டு. முன்பு சொன்ன 1.5 சதவீதம் என்ற அடிவரம்பு இதற்காகத்தான். குளம்பு உச்சியிலிருந்து முனை வரை வளர ஓராண்டு வரை ஆகும் என்பதால், இன்று திருத்தும் தீவனத்தின் முழுப் பலனை லாடம் அடிப்பவர் அடுத்த ஆண்டுதான் பார்ப்பார்.

உலர்புல்லை ஊறவைத்துச் சர்க்கரையைக் குறைக்கலாம் என்கிறார்களே?

குறையும், எவ்வளவு என்பது புல்லுக்குப் புல் மாறும். குளிர்நாட்டார் சிலர் இரவெல்லாம் ஊறவைப்பார்கள். நம் வெப்பத்தில் அது புளித்துவிடும். முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் போதும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கும். அதை வடித்துக் கொட்டிவிட்டு உடனே கொடுக்க வேண்டும்.

ஊட்டியில் இருக்கிறேன். எனக்கும் இதே அறிவுரையா?

புல்லின் சர்க்கரையைப் பொறுத்தவரை இல்லை. பனி விழும் மாதங்களில் பகலில் வெயில் அடிக்கும்போது புல் சர்க்கரையைத் தயாரிக்கிறது. இரவின் குளிரில் வளர முடியாமல் அதைச் செலவழிக்காது. உறைபனி படிந்த காலையில் மேயவிடுவது, குளம்பழற்சி கண்ட குதிரைக்கு வெல்லம் ஊட்டுவதற்குச் சமம். ரை புல் போன்ற குளிர்நாட்டுப் புற்கள் ஃபிரக்டன் என்ற சர்க்கரையைத் தண்டில் குவித்துக்கொண்டே போகும். நீங்கள் அதிகம் பார்க்கும் கிக்குயு வெப்பநாட்டு வகை. அதற்குக் கோ-4ஐப் பற்றிச் சொன்ன ஆக்சலேட் எச்சரிக்கை பொருந்தும்.

என் குதிரை பந்தய வண்டியில் ஓடுகிறது. புல்லில் ஓடுமா?

நீண்ட தூரம் மிதமான வேகத்தில் ஓடும் குதிரைக்கு நாரும் எண்ணெயும் அருமையான எரிபொருள். எண்ணெயை 50 மில்லியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் கிலோ எடைக்கு ஒரு மில்லிவரை உயர்த்தலாம். வைட்டமின் ஈ சேர்க்க வேண்டும். தேங்காய்ப் புண்ணாக்கில் மாவுச்சத்து மிகக் குறைவு, எண்ணெயும் புரதமும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதைக் குதிரைத் தீவனமாகவே விற்கிறார்கள். காங்கேயம் கொப்பரைக் களங்களின் பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ஓட்ஸைத் தேடுவது வேடிக்கைதான். பூஞ்சை வாடை இல்லாததாகப் பார்த்து வாங்கி, ஊறவைத்துக் கொடுங்கள்.

முழு வேகத்தில் பாயும் குதிரைக்கு மட்டும் தசையில் மாவுச்சத்தின் சேமிப்பு தேவை. அதற்குச் சிறிதளவு ஓட்ஸ், கொள்ளைப் பற்றிச் சொன்ன வேளை வரம்புக்குள், நாளுக்கு மூன்று முறையாகப் பிரித்துக் கொடுக்கலாம். ஓட்டத்துக்கு அரை மணி முன்பு ஒரு கிலோ குதிரை மசால் கொடுத்தால், துள்ளும் அமிலம் இரைப்பையின் மேற்பகுதியைச் சுடாது.

எல்லாம் சரி, எங்கள் குதிரைக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது ஆண்டாகக் கொள்ளு வைத்தவர். என்ன செய்வது?

அவரிடம் வாதாடாதீர்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வாளிச் சத்தம் கேட்டுக் குதிரை கதவை உதைப்பதில் அவருக்கும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. வெறும் புல்லைப் போட்டுவிட்டுப் போவது அவருக்குக் கடமையைச் செய்யாததுபோலப் படும். அதனால் வாளியை எடுக்காதீர்கள். ஊறிய தேங்காய்ப் புண்ணாக்கு அரைக் கிலோ, அதில் உப்பும் தாது உப்பும், மேலே இரண்டு பிடி நறுக்கிய குதிரை மசால் என்று அதே வாளியில், அதே நேரத்தில், அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நாடா பிடித்து எடை எழுதும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். எங்கள் லாயத்தில் அந்த எண்கள் கதவின் உட்புறம் கரித்துண்டால் எழுதப்பட்டிருக்கின்றன. நான் ஒரு மாதம் மறந்தால் அவர்தான் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.